கல்லில் ஒட்டிய மாவு

மைக்ரோஸ்கோப்பில் அந்த மணியைப் பார்த்தபோது சுந்தரிக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். கண்ணை எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். மணி அங்கேயேதான் இருந்தது. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் கத்தியால் சீவினாற்போல் தட்டை. சின்னஞ்சிறு மத்தளத்தைப் பாதியாக அறுத்துப் போட்ட மாதிரி. அந்த ஒரு கண்ணாடிச் சில்லில் மட்டும் பதினேழு எண்ணினாள்.

அது மரவள்ளிக்கிழங்கின் மாவு. அதில் அவளுக்கு ஐயமே இல்லை. ஐயமெல்லாம் அது அங்கே எப்படி வந்தது என்பதில்தான். அவள் சுரண்டிப் பார்த்தது மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அரைகல். மரவள்ளியோ வேற்று நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கிழங்கு. அது இந்த மண்ணுக்கு வந்து நானூறு ஆண்டுகள்கூட முழுசாக ஆகவில்லை.

1987ஆம் வருஷம், ஆடி மாதம். வேலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் சுந்தரி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வயது இருபத்தெட்டு. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். என்ன படிக்கிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழங்காலத்து ஆட்கள் தானியமும் கிழங்கும் அரைத்த கற்களை எடுத்து, அவற்றின் பள்ளங்களைச் சுரண்டி, அங்கே ஒட்டிக் கிடக்கும் மாவுமணிகளைப் பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு செடியின் மாவுக்கும் தனி உருவம் உண்டு. உருவத்தைக் கண்டுபிடித்தால், அந்த ஆட்கள் என்ன தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

இந்த வழியை அவள் கற்றுக்கொண்டது கடிதம் மூலம். ஆஸ்திரேலியாவில் எலினோர் என்று ஓர் அம்மாள், அந்த நாட்டு ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்லரிசி அரைத்த கற்களை இப்படித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் எழுதிய கட்டுரை ஒன்று எப்படியோ கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. சுந்தரி தயங்கித் தயங்கி ஒரு கடிதம் போட்டாள். பதிலோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. அதற்குள் பஞ்சில் பொதிந்த ஆறு கண்ணாடிச் சில்லுகள். அங்கே வறண்ட பூமியில் ஆதிக்குடிகள் அரைத்துத் தின்ற விதைகளின் மாவு. அதில் ஒன்று, நம்மூர்க் குளக்கரையில் முளைக்கும் ஆரைக்கீரைக்கு நெருங்கிய உறவான செடி. அதைப் படித்த அன்று சுந்தரிக்கு எங்கோ கடல் தாண்டி ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்தது போலிருந்தது.

அவளுடைய கற்கள் ஆலங்காயத்துப் பக்கத்தில், மலையடிவாரத்தில் கிடைத்தவை. பூங்காவனம் என்ற பெண்மணி தன் நிலத்தில் கிணறு வெட்டினாள். எட்டடி ஆழத்தில் வழவழப்பான கல்கோடரிகளும், பானை ஓடுகளும், நடுவில் குழி விழுந்த பதினொரு அரைகற்களும் வந்தன. தொல்லியல் படித்தவர்கள் வந்து பார்த்து, மூவாயிரம் ஆண்டுக்குக் குறையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுந்தரி போய் அந்தக் கற்களை எடுத்து வந்தாள். யார் கையும் படாத புதுத்துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, துணி தீர்ந்துபோன கடைசி இரண்டை மட்டும் செய்தித்தாளில் பொதிந்து, பஸ்ஸில் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு பத்திரம்.

"கல்லுக்குள்ள இன்னா பாக்கப் போற டீச்சரம்மா? தங்கமா?" என்று அன்றைக்கே பூங்காவனம் கேட்டாள்.

"மாவும்மா. பழைய மாவு."

பூங்காவனம் நம்பவில்லை. மாவுக்காக வேலூரிலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வருவாளா என்று அவள் முகமே கேட்டது.

இப்போது அந்த மாவுதான் சுந்தரியைத் திணறடித்தது. மூன்று நாள் உட்கார்ந்து பதினொரு கற்களின் சுரண்டலையும் பார்த்தாள். ஒன்பது கற்களில் மரவள்ளி. இரண்டில் மட்டும் இல்லை.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் வேதாசலத்திடம் போய்ச் சொன்னாள். ஐம்பத்தைந்து வயதுக்காரர். யார் எது சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று எண்ணுகிறவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யாரோ கை வெச்சிருக்காங்க. அலமாரி சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு சார். இன்னொண்ணு சத்தார் பாய்கிட்ட."

வேதாசலம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சும்மா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாயிருந்தது.

சத்தார் அந்தத் துறையின் அட்டெண்டர். இருபத்தாறு வருஷமாக அங்கேதான் வேலை. வாணியம்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவார். செடிகளின் பெயரெல்லாம் லத்தீனில் அவருக்குத் தெரியும். எந்தக் குடுவை எந்த அலமாரியில் என்பதும் தெரியும். சுந்தரி எம்.எஸ்ஸி. படித்த காலத்திலிருந்து பழக்கம். ஆனால் சந்தேகம் என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால், பழகிய முகமே வேறாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அன்று மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அதில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. மிளகாய்த் தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து.

"சாப்பிடுறீங்களாம்மா?" என்று ஒரு துண்டை நீட்டினார்.

வேண்டாம் என்றாள். பிறகு அவர் கைகழுவப் போனபோது, மேசையில் சிந்திய துணுக்கை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தாள். வெந்த மாவு உடைந்து, கரைந்து, கூழாகக் கிடந்தது. கல்லில் இருந்த மணிகளோ வேகாதவை. ஒவ்வொன்றும் முழுசாக, முனை மழுங்காமல் நின்றன. அப்படியானால் சாப்பாட்டுக் கையோடு கல்லைத் தொட்டதால் வந்ததில்லை. அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. பச்சை மாவு என்றால், தெரியாமல் பட்டதாக இருக்க முடியாது, யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து தூவியிருக்க வேண்டும் என்று அவள் மனம் அடுத்த படிக்குத் தாவியது.

எதற்காக என்ற கேள்விக்கும் சீக்கிரமே ஒரு பதில் கிடைத்தது.

இன்னும் ஏதாவது கல் கிடைத்திருக்கிறதா என்று பார்க்க ஆலங்காயம் போனவளிடம் பூங்காவனம் ஒரு செய்தி சொன்னாள். "தோல் கம்பெனிக்காரங்க இந்த நெலத்தக் கேக்கறாங்க. ரஷீத் அஹமதுன்னு மேனேஜரு ஒருத்தரு, ரெண்டு தபா வந்துட்டாரு. ஷெட்டு போடணுமாம். ஆனா பழைய எடம்னு சர்க்கார் பலகை நட்டுட்டா வேணாமாம். நீ இன்னா எழுதப் போறன்னு எங்கிட்டயே கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? நீ எங்கிட்ட சொன்னாத்தான?"

சுந்தரி உடனே கிளம்பிவிட்டாள். திரும்பி வருகையில் ஆலங்காயம் பஸ் நிலையத்தில் இறங்கி நின்றாள். டீக்கடை ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர். அதன்மேல் சாய்ந்தபடி வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். அவர் எதிரில் கைகட்டி நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது சத்தார். வேலை நாள்தான், உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்தார். கடைக்காரரிடம் கேட்டாள். வெள்ளைச் சட்டைக்காரர் யார்? "அவரா, ரஷீத் அஹமது சாப். தோல் கம்பெனி மேனேஜர்."

பஸ் வருகிறவரை அவள் தூணுக்குப் பின்னாலேயே நின்றாள். சத்தார் அவளைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவளுக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. ஆய்வில் மரவள்ளி வந்தால் கற்கள் புதுசு என்று ஆகும். புதுசு என்றால் பழைய இடமில்லை. பழைய இடமில்லை என்றால் ஷெட் போடலாம். இரண்டு கற்களில் மட்டும் ஏன் மாவு இல்லை? நேரம் போதாமல் விட்டிருப்பார். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. அவ்வளவு சுலபமாகப் பதில் வருவதே சரியில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அலமாரிக் கதவுகள் சேரும் இடத்தில் தன் தலைமுடி ஒன்றைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் பசை தடவி ஒட்டினாள். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து பார்த்தாள். முடி அறுந்திருந்தது.

சத்தார் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேரே அவர் எதிரில் போய் நின்றாள்.

"பாய், சனிக்கிழமை அலமாரியத் தொறந்தீங்களா?"

"தொறந்தேம்மா."

இல்லை என்பார் என்று எதிர்பார்த்து வந்தவள் ஒரு கணம் தடுமாறினாள். "எதுக்கு?"

"அந்துருண்டை போட. நீங்க சுத்தி வெச்சிருக்கற துணிய கரப்பான் அரிக்குது. நாலஞ்சு எடத்துல ஓட்டையே போட்டுடுச்சு. அதுக்கு அந்தத் துணி இன்னாவோ ரொம்பப் புடிச்சுப் போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"இருபத்தாறு வருஷமா ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கினா செஞ்சேன்?" அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுட்டு, ஆலங்காயத்துல ரஷீத் அஹமதுகூட இன்னா பேசிக்கினு இருந்தீங்க?"

சத்தாரின் முகம் கறுத்தது. துடைத்துக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தார். "அது என் சொந்த விஷயம்மா."

"அவர் அந்த நெலத்த வாங்கப் பாக்கறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அலமாரியில இருக்கற கல்லுல மாவு தூவியிருக்காங்க பாய்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். குற்றமில்லாதவன் இப்படியா போவான், சண்டையல்லவா போடுவான் என்று அவள் நினைத்தாள்.

அன்றைக்கே வேதாசலம் சொல்லச் சொல்ல, கல்லூரி முதல்வருக்குப் புகார் எழுதினாள். அந்த வாரத்து ஆசிரியர் கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டது. சத்தாரை ஆய்வகத்திலிருந்து எடுத்து ஹாஸ்டல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் எண்ணுகிற வேலை. ஆய்வகத்துக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தான். அவனுக்கு எந்தக் குடுவை எங்கே என்று தெரியாது. சுந்தரி அவனிடம் சாவி கொடுக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் வந்தது. மரவள்ளி வந்த கதையை ஜூலையிலேயே அவள் எலினோருக்கு எழுதியிருந்தாள். யாரோ சதி செய்கிறார்கள் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். பதில் இரண்டு பக்கம். சதியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையில்லை.

கல்லின் அரைத்த பக்கத்தை மட்டும் சுரண்டினீர்களா, அடிப்பக்கத்தையும் சுரண்டினீர்களா என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார். அரைக்கிற பக்கத்தில்தான் பழைய மாவு இருக்கும். அடிப்பக்கம் தரையில் கிடந்தது, அங்கே யாரும் எதையும் அரைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு மாவு இருந்தால், அது கல்லைச் சுற்றி இருந்த ஏதோ ஒன்றிலிருந்து வந்தது. நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன், நான் போட்டிருந்த ரப்பர் கையுறையின் பவுடரைப் பழங்கால உணவு என்று நம்பி இரண்டு மாதம் வீணாக்கினேன் என்று எழுதியிருந்தார்.

இன்னொரு விஷயமும் எழுதியிருந்தார். அவர் முதன்முதலில் கற்களை எடுக்கப் போனபோது அந்த மண்ணின் பெண்கள் அவரை நம்பவில்லை. எங்கள் பாட்டனார் வீட்டுக் கல்லை எங்களிடம் கேட்காமல் எடுத்துப் போகிறாயே, எதற்கு என்று கேட்டார்கள். அவர் திரும்பிப் போய் முறைப்படி கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். கடைசியில் மைக்ரோஸ்கோப் சொல்வதற்கு முன்னாலேயே, இந்தக் கல்லில் இன்ன விதை அரைத்திருப்பார்கள் என்று அந்தப் பெண்கள்தான் சொன்னார்களாம். உங்கள் கல் கிடைத்த நிலத்துக்காரர்களிடம் நீங்கள் பேசினீர்களா?

சுந்தரி அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். கற்களைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைச் சுரண்டினாள். வேலை முடிய இரண்டு நாள் பிடித்தது. ஒன்பது கற்களின் அடியிலும் மரவள்ளி. மேலே எவ்வளவோ அவ்வளவு. ஒரு கல்லில் அடியில்தான் அதிகம்.

சதி செய்கிறவன் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப்போட்டு அடியிலும் ஒரே சீராகவா தூவுவான்?

ஒரு தாளை எடுத்து, கற்களைத் தொட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தாள். கிணற்று மண். பிரஷ். காய்ச்சி வடித்த தண்ணீர். ஊசி. கண்ணாடிச் சில்லு. அலமாரிப் பலகை. சத்தாரின் கை. தன் கை. ஒவ்வொன்றாகச் சோதித்தும் யோசித்தும் பார்த்தாள், எதிலிருந்தும் வேகாத மரவள்ளி வர வழியில்லை. பிறகு மாவு இல்லாத அந்த இரண்டு கற்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தாவது, பதினொன்றாவது. இவற்றில் என்ன வித்தியாசம்? ஒரே கிணறு, ஒரே ஆழம், ஒரே அலமாரி. செய்தித்தாளில் சுற்றிய கற்கள் அவை.

பட்டியலில் துணியை எழுதவே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அது புதுத்துணி. தன் வீட்டுத் தறியில் நெய்து, மடிப்புக் கலையாமல் அப்பா கொடுத்தனுப்பிய லுங்கித் துண்டுகள். அதைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் இருக்கிறது என்றே அவள் நினைக்கவில்லை. கரப்பானுக்கு அந்தத் துணி ரொம்பப் பிடித்துப்போயிற்று என்று சத்தார் சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கரப்பான் நூலைத் தின்பதில்லை. நூலில் இருக்கும் கஞ்சியைத் தின்னும்.

துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துக் குனிந்தாள். வெந்து குழைந்த கஞ்சிக்கு நடுவில், வேகாத மணிகள். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை. எண்ணத் தேவையில்லாத அளவுக்கு இருந்தன. வெந்த கஞ்சி நூலிலேயே ஒட்டிக்கொள்ள, உதிர்ந்து கல்லில் படிந்தது இந்தப் பச்சை மணிகள்தான்.

சனிக்கிழமை குடியாத்தம் போனாள். அப்பா ஜம்புலிங்கம் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நம்ம பாவுக்கு இன்னா மாவுல கஞ்சி போடறோம்?"

"சேலத்து மரவள்ளி மாவுதான். முன்ன அரிசிக் கஞ்சி. இது வெலை கம்மி. காய்ச்சின கஞ்சியில பச்ச மாவும் ஒரு பிடி கரைச்சு வுட்டா துணி மொடமொடன்னு நிக்கும்." சொல்லிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஏன், எவனாவது கொறை சொன்னானா?"

"இல்லப்பா."

"எவனோ சொல்லியிருக்கான். இல்லாட்டி நீ ஏன் கேக்கற?"

அன்று முழுக்க அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியது.

திங்கட்கிழமை வேதாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப இத்தோட விடு. துணி சுத்தின ஒன்பது கல்ல ஒதுக்கிட்டு, அந்த ரெண்ட வெச்சு எழுது. சத்தாருக்கு வேலையா போச்சு? அதே சம்பளம்தான். இப்ப நீ போய் தப்பு எம்மேலன்னு சொன்னா, உன் ரெண்டு வருஷ வேலையையே நாளைக்கு எவனும் நம்ப மாட்டான்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அன்று அவள் விடுதி அறைக்குப் போகாமல் கோட்டை அகழி ஓரமாக வெகுநேரம் நடந்தாள். சொல்லாமலிருந்தால் யாருக்கும் தெரியாது என்பது எவ்வளவு வசதியான எண்ணம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வசதி தனக்குப் பிடித்திருப்பதும் தெரிந்தது. இத்தனை நாள் மற்றவர்களையெல்லாம் ஐயப்பட்டவள், முதல் தடவையாகத் தன்னை ஐயப்பட்டாள்.

மறுநாள் முதல்வருக்கு இரண்டாவது கடிதம் எழுதினாள். புகார் தவறு, மாவு என் துணியிலிருந்து வந்தது, சத்தார் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முதலாவதை வாசித்த அதே கூட்டத்தில் இதையும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். முதல்வருக்கு அது பேஜாராகத்தான் இருந்தது. ஆனாலும் வாசித்தார். வேதாசலம் அந்த நேரம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே சுந்தரி வாணியம்பாடிக்கு ரயிலேறினாள். சத்தாரின் வீடு மசூதித் தெருவின் கடைசியில் இருந்தது. அவர் வாசலிலேயே நின்று கேட்டார். அவள் துணியையும் கஞ்சியையும் பற்றிச் சொல்லி முடித்தாள்.

"கரப்பான் அரிக்குதுன்னு நான் சொன்னேனே?" என்றார் கடைசியில்.

"சொன்னீங்க பாய். நான் காதுல வாங்கல."

உள்ளே பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரஷீத் அஹமதுகிட்ட எதுக்குப் போனேன்னு கேட்டீங்க. எம் பொண்ணுக்கு டீச்சர் ட்ரெய்னிங் சீட்டு கெடைக்கல. ஆனா காலேஜ்ல எல்லார்கிட்டயும் கெடைச்சுட்டுதுன்னு சொல்லிட்டேன். வாய் வுட்டுட்டேன், பொறவு மாத்திச் சொல்ல வெக்கம். ஷூவுக்கு மேல்தோல் தைக்கற எடத்துல ஒரு வேலை போட்டுக் குடுங்கன்னு கேக்கப் போனேன். சரின்னாரு. அப்பறம் காலேஜ்ல நான் இன்னாவோ எடுத்துட்டேன்னு அவர் காதுக்குப் போச்சு. பாக்கலாம்னுட்டாரு."

"நான் அவர்கிட்ட போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க. நீங்கதான சொல்லணும்."

உட்காரச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் தோல் கம்பெனியின் வாசலில் காவலாளி அவளை அரைமணி நேரம் நிறுத்திவைத்தான். கல்லூரியிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னதுதான் தப்பு. ரஷீத் அஹமது வெளியே வந்து முதலில் அவள் கைப்பையைத்தான் பார்த்தார்.

"கழிவுத் தண்ணி எடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்க."

"காலேஜ்ல இருந்து யாராவது வந்தா பாட்டில்ல தண்ணிதான் எடுத்துக்கினு போறாங்க. அப்பறம் நோட்டீஸ் வருது."

பையைத் திறந்து காட்டினாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். தன் மேலேயே தப்பு என்று சொல்வதற்காக ஒருத்தி வேலூரிலிருந்து இவ்வளவு தூரம் வருவாள் என்பதை அவரால் லேசில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதத்தில் சத்தாரின் மகள் வேலைக்குச் சேர்ந்தாள்.

சத்தாரை ஆய்வகத்துக்குத் திரும்ப வரச்சொல்லி உத்தரவு போட்டார்கள். அவர் முதல்வரிடம் போய், ஹாஸ்டலும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம், நூலகத்தில் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சுந்தரி அங்கே போய்க் கெஞ்சிப் பார்த்தாள்.

"நீங்க நெசத்த எல்லார் முன்னாலயும் சொன்னீங்கம்மா. அது பெரிசுதான். நான் இல்லன்னு சொல்லல," என்றார் அவர், புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டே. "ஆனா அந்த ரூமுல இனிமே ஒரு ஊசி காணாமப் போனாலும் மொதல்ல பயப்படறவன் நானாத்தான் இருப்பேன். அந்த பயத்தோட என்னால வேல செய்ய முடியாது."

அவள் ஆய்வகத்துக்குத் திரும்பி அலமாரியைத் திறந்தாள்.

ஒன்பது கற்களையும் அவள் ஒதுக்கிவிடவில்லை. மேலே படிந்த மாவைக் கழுவித் துடைத்து, குழிகளில் சுண்ணாம்பு போல் இறுகிப்போன படிவத்தை உடைத்து, அதற்கு அடியில் தேடினாள். எட்டு மாதம் ஆயிற்று. இடையில் ஒருநாள் ஆலங்காயம் போய், பூங்காவனத்திடம் கற்களை எடுக்க முதன்முறையாக முறைப்படி அனுமதி கேட்டாள். பூங்காவனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுத்துக்கினு போயி ஒரு வருசம் கழிச்சுக் கேக்கறியே," என்றாள். என்றாலும் அவளை மலையோரம் கூட்டிக்கொண்டு போய், மழை பெய்யாத காலத்தில் தன் வீட்டார் தோண்டித் தின்ற காட்டு வள்ளிக்கிழங்கின் கொடியைக் காட்டினாள். அந்தக் கிழங்கின் மாவும் சாமையின் மாவும் பிறகு ஏழு கற்களின் குழிகளில் இறுகிய படிவத்துக்கு அடியில் கிடைத்தன. கிடைத்ததைச் சொன்னபோதும் பூங்காவனம் முழுசாக நம்பிவிடவில்லை. கொஞ்சம் குறைவாக ஐயப்பட்டாள், அவ்வளவுதான். நிலத்தை அவள் யாருக்கும் விற்கவில்லை. தோல் கம்பெனி வேறு இடத்தில் ஷெட் போட்டுக்கொண்டது.

1989இல் சுந்தரியின் வாய்மொழித் தேர்வு நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு பக்கத்தைப் புரட்டி நிறுத்தினார். ஒன்பது கற்களிலும் மரவள்ளி வந்த விதம், அது ஆய்வாளரின் சொந்த வீட்டுத் தறியில் நெய்த துணியின் கஞ்சி என்பது, அதற்காகக் குற்றமற்ற ஊழியர் ஒருவர் மேல் ஆய்வாளர் புகார் எழுதியது எல்லாம் அதில் இருந்தன. வேதாசலம் அதை நீக்கச் சொல்லி மூன்று முறை சிவப்பு மையால் அடித்திருந்தார். மூன்று முறையும் அவள் திரும்ப எழுதியிருந்தாள்.

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இதில் ஏதோ உள்நோக்கம் இருக்குமோ என்று தேடுகிற பார்வை.

"இது எதுக்கு? நீங்க எழுதாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் இங்க லைப்ரரில வேலை செய்றார் சார்," என்றாள் சுந்தரி.

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.